கிளாஸ்டன்பரி 2027: வேலிக்குள் பொதுக் கூடாரமா, பணம் கட்டி வொர்தி வியூவா?

வேம்படி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். 2026-ல் நிலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்பதால் இங்கிலாந்தில் சோமர்செட் பண்ணையில் நடக்கும் அடுத்த கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்கு இப்போதிருந்தே திட்டமிடுகிறோம். லெஸ்டரிலிருந்து நான்கு பேர்: நான், என் மனைவி, அக்கா, அக்காவின் மகள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மருமகளுக்குப் பத்தொன்பது.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. மனைவியும் அக்காவும் விழாக்காரர்களே தனிக் கட்டணத்துக்கு விடும் வொர்தி வியூ முகாமில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் கூடாரத்தை எடுக்கலாம் என்கிறார்கள். சுடுநீர்க் குளியல், சுத்தமான கழிப்பறை, கூடாரம் சுமக்கும் வேலை இல்லை. மருமகள் அதை ஏற்கவில்லை. விழாவின் வேலிக்குள், பொதுப் பகுதியில் சொந்தக் கூடாரத்தில் படுத்தால்தான் விழாவில் இருப்பதாகக் கணக்கு என்கிறாள். எனக்குப் பணம்தான் யோசனை. 2025-ல் நுழைவு டிக்கெட் மட்டும் 373.50 பவுண்ட், முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்ட் தனி. அடுத்த முறை குறையப்போவதில்லை. நான்கு பேருக்கு அதையும் கட்டி, தங்குமிடத்துக்கும் தனியாகக் கட்டுவது எங்களுக்குச் சிறிய தொகை அல்ல.

இரண்டு வகையிலும் தங்கியவர்கள் சொல்லுங்கள். எதற்காகப் பணம் கொடுக்கிறோம், என்ன கிடைக்கிறது, எதை இழக்கிறோம்?


ஈரமண் எழுதியது:

வேம்படி அண்ணா, இரண்டிலும் தங்கியிருக்கிறேன். வசதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். வரைபடத்தைப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது.

விழா நடக்கும் வொர்தி பண்ணையும் அதைச் சுற்றியுள்ள வயல்களும் சேர்ந்து 900 ஏக்கருக்கு மேல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றரை மைல். இரண்டு லட்சம் பேர் அதற்குள் நடமாடுகிறார்கள். முதன்மை மேடையான பிரமிட் மேடையில் இரவு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். பகலில் பத்து நிமிடத்தில் கடந்த பாதை அப்போது நாற்பது நிமிடம் பிடிக்கும்.

வொர்தி வியூ இருப்பது வேலிக்கு வெளியே, ஒரு மேட்டின் மேல். 'வியூ' என்று பெயர் வைத்தது சரிதான், விழா முழுவதும் கீழே விரிந்து தெரியும். ஆனால் அந்தக் காட்சிக்கான விலையைக் கால்கள்தான் கொடுக்கின்றன. விழாவுக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது செங்குத்தான ஏற்றம். நாள் முழுவதும் நின்று, நடந்து, நள்ளிரவுக்குப் பிறகு அந்த ஏற்றத்தில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். மழை பெய்திருந்தால் இன்னும் கடினம். 'பார்க்' என்ற மேடைப் பகுதி அருகில் இருக்கிறது. பிரமிட் மேடை அருகில் இல்லை. மதியம் ஒரு ஸ்வெட்டர் எடுத்துவரலாம் என்று கூடாரத்துக்குப் போனால் ஒரு முழு நிகழ்ச்சி போய்விடும். அதனால் காலையில் கிளம்பும்போதே இரவுக்கான குளிராடை, மழையாடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

பொதுப் பகுதியில் இதற்கு நேர்மாறு. கிட்னி மீட், பிக் கிரவுண்ட் என்ற கூடார வயல்களில் இடம் பிடித்தால் பிரமிட் மேடைக்குப் பக்கத்திலேயே வீடு. கால் வலித்தால் வந்து அரை மணி நேரம் படுத்துவிட்டு மறுபடி போகலாம். நான்கைந்து நாளில் இது எவ்வளவு பெரிய வரம் என்பது அங்கே இருந்தால்தான் புரியும். ஆனால் அந்த இடங்கள் உங்களுக்காகக் காத்திருக்காது. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வாயில் திறக்கும். பென்னார்ட் ஹில் போன்ற விருப்பமான மேடுகள் சீக்கிரமே நிரம்பிவிடும். வியாழக்கிழமை நிதானமாக வருகிறவர்களுக்கு ஓரங்களில் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

ஆக, வொர்தி வியூவில் நீங்கள் வாங்குவது மூன்று பொருள்: கூடாரம் சுமக்காமல் வரலாம், இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டாம், குளிக்கலாம். பண்ணையின் நடுவில் தூங்கும் உரிமையை அதற்காக விட்டுக்கொடுக்கிறீர்கள். அக்காவின் முழங்காலை நினைத்தால் எனக்கு அந்த ஏற்றம்தான் பெரிய கவலை. பணம் அதற்கு அடுத்துத்தான்.


வடமராட்சிநிலா எழுதியது:

ஈரமண் தம்பி நிலத்தைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். நான் கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறேன். பெண்கள் கேட்கத் தயங்குவார்கள், ஆண்கள் பதில் சொல்ல மறந்துவிடுவார்கள்.

பொதுப் பகுதியில் பெரும்பாலும் நீளக் குழிக் கழிப்பறைகள். மேலே கூரை கிடையாது, உலோகக் கதவு, கீழே ஆழக்குழி. அதைத் தவிர மட்கு கழிப்பறைகளும் இருக்கின்றன. மரத்தூள் போட்டு மூடுவது. அவை எவ்வளவோ மேல், நாற்றமும் குறைவு. எங்கே தங்கினாலும் முதல் நாளே உங்கள் கூடாரத்துக்கு அருகில் மட்கு கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குப் போனால் சுத்தமாக இருக்கும். எட்டரைக்கு வரிசை. காகிதமும் கைச்சுத்திகரிப்பானும் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

குளியல் என்பது பொதுப் பகுதியில் ஏறக்குறைய இல்லை. கிரீன்பீஸ் வயலில் குளியலறைகள் உண்டு, வரிசையும் உண்டு. மற்றவர்கள் தண்ணீர்க் குழாயடியில் முகம், கை, கால் கழுவிக்கொள்வதோடு சரி. ஐந்து நாள் அப்படி இருக்க முடியுமா என்று உங்கள் மனைவியிடம் நேரடியாகக் கேளுங்கள். முடியும் என்று சொல்வதில் ஒரு பெருமையும் இல்லை, முடியாது என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. மாதவிடாய் நாட்கள் விழாவோடு சேர்ந்து வந்தால் அந்தக் குளியலறைக்குக் கொடுத்த ஒவ்வொரு பவுண்டும் நியாயமானது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று தூக்கம். ஜூன் கடைசியில் சோமர்செட்டில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம். வெயில் அடித்தால் எட்டு மணிக்குள் மெல்லிய நைலான் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. இருட்டுத் துணி போட்ட கூடாரம் கொஞ்சம் தாங்கும். பக்கத்துக் கூடாரத்தில் விடிய விடியப் பேசுவார்கள். அது அவர்கள் உரிமை, விழா அப்படித்தான். காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். வொர்தி வியூவில் சத்தம் குறைவு என்பது உண்மை. அங்கேயும் இரவு மூன்று மணிக்கு ஆட்கள் திரும்பி வந்து ஜிப்பைத் திறப்பார்கள் என்பதும் உண்மை.


பழையபாய் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான நிலைப்பாடு உண்டு, மறைக்கவில்லை.

1970 செப்டம்பரில் பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் முதல் விழாவை நடத்தியபோது நுழைவு ஒரு பவுண்ட். பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். எல்லோரும் ஒரே புல்லில் படுத்தார்கள். அந்தப் பண்ணையில் இன்றும் பால்மாடுகள் இருக்கின்றன. மாடுகள் மேய வேண்டும், மண் ஆற வேண்டும் என்பதற்காகத்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவையே நிறுத்துகிறார்கள். 2006, 2012, 2018, இப்போது 2026. கோடிக்கணக்கில் வருமானம் வரும் ஒரு விழா மண்ணுக்காக ஓராண்டை விட்டுக்கொடுக்கிறது என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

அப்படிப்பட்ட இடத்தில் தங்குமிடத்துக்குப் படிநிலை வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. அங்கே என் பக்கத்துக் கூடாரத்தில் ஒருமுறை ஒரு வழக்கறிஞர், மறுபக்கம் ஒரு செங்கல் தொழிலாளி. மூன்று பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். சாப்பாட்டைப் பகிர்ந்தோம். சிறிய கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டு என்பதால் நான் ரவை கொண்டுபோய் உப்புமா கிளறினேன். அந்தச் செங்கல் தொழிலாளி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேலிக்கு வெளியே தனிக் குளியலறையோடு தங்குகிறவர்களுக்கு இது கிடைக்குமா? உங்கள் மருமகள் சொல்வதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.


வடமராட்சிநிலா எழுதியது:

பாய் ஐயா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் சமத்துவத்தை எல்லோரும் ஒரே சிரமத்தைப் படுவது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிரமத்தைத் தாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். முப்பது வயதில் ஆரோக்கியமாக இருந்த ஆண்களுக்குத்தான் அந்தப் புல் பொதுவாக இருந்திருக்கும். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி கிளாஸ்டன்பரிக்குப் போக ஆசைப்படுகிறாள். நம் குடும்பங்களில் அது எத்தனை அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். அவள் அங்கே போய்ச் சேர்வதற்கு ஒரு குளியலறை தேவை என்றால் அதை நான் படிநிலை என்று சொல்லமாட்டேன்.


பழையபாய் எழுதியது:

அது நியாயமான வாதம், நிலா. உடல்நிலைக்காக எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அதற்கு வேலிக்குள்ளேயே வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.


தாழங்குடை எழுதியது:

வழி இருக்கிறது, பாய் ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலராக அங்கே வாயில் பணி செய்கிறவள். ஸ்பிரிங் கிரவுண்ட் என்று ஒரு பகுதி வேலிக்குள்ளேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கும் உரியது. அங்கே அணுகக்கூடிய கழிப்பறைகள், குளியலறைகள், சக்கர நாற்காலிக்கு மின்னேற்றும் வசதி எல்லாம் உண்டு. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. டிக்கெட் வாங்கிய பிறகு விழாவின் அணுகல் குழுவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று அல்லது அரசு உதவித்தொகைச் சான்று கேட்பார்கள். உடன் தங்குகிறவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மேடைகளில் மேடான பார்வை இடங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் இதே விண்ணப்பம்தான்.

வேம்படி, அக்காவின் முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது அமையும். அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக நடக்கிறார் என்றால் அவருக்குப் பொருந்தாமல் போகலாம். நெடுநேரம் நிற்க முடியாது, சரிவில் நடக்க முடியாது என்றால் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். நம்மவர்கள் பலர் 'நமக்கு எதற்கு, நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகட்டும்' என்று ஒதுங்கிவிட்டு, சனிக்கிழமை மதியம் முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனது கேட்பதில்லை.

மருமகளுக்கும் ஒரு செய்தி. ஆக்ஸ்ஃபாமுக்காகப் பணி செய்தால் சுமார் எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று. வைப்புத்தொகை கட்டி வேலையை முடித்தால் பணம் திரும்ப வரும். தன்னார்வலர்களுக்கென்று தனிக் கூடாரப் பகுதி, அங்கே குளியலும் உண்டு. இரவு ஷிப்ட் விழுந்தால் விருப்பமான இசையைத் தவறவிட நேரும், அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். டிக்கெட் விற்பனையில் தோற்றவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.


கூதிர் எழுதியது:

நான் அந்த மருமகளின் வயதுக்காரி என்பதால் சொல்கிறேன். நான்கு பேரும் ஒரே இடத்தில் தங்கித்தான் ஆக வேண்டுமா, மாமா? சென்ற முறை எங்கள் குழுவில் பெரியவர்கள் வொர்தி வியூ, நாங்கள் பென்னார்ட் ஹில். ஒவ்வொரு நாளும் மாலை ஒரு மேடைக்கு முன்னால் சந்தித்தோம். பெரியவர்கள் பன்னிரண்டு மணிக்குத் தூங்கப் போனார்கள், நாங்கள் ஷங்ரி-லா, பிளாக்9 என்ற இரவுக் கேளிக்கைப் பகுதிகள் பக்கம் போனோம். தென்கிழக்கு மூலை விடியும்வரை தூங்காது. அங்கிருந்து வேலிக்கு வெளியே உள்ள மேட்டுக்கு நடந்து போவது எனக்கு நரகமாக இருந்திருக்கும். பென்னார்ட் ஹில்லுக்குப் போவது எளிது.

கைபேசித் தொடர்பை மட்டும் நம்ப வேண்டாம். கூட்டம் அதிகமாகும்போது செய்தி அரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே முடிவுசெய்யுங்கள்.


ஈரமண் எழுதியது:

கூதிர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மழையைப் பற்றிச் சேர்த்துவிடுகிறேன், இதுவரை யாரும் விரிவாகப் பேசவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கின் மண் களிமண். தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. 2005-ல் வெள்ளிக்கிழமை விடியற்காலை இடியோடு கொட்டிய மழையில் சரிவின் அடியில் இருந்த கூடாரங்கள் மிதந்தன. 2007, 2016 சேற்றை அனுபவித்தவர்கள் இன்றும் பேசுவார்கள். பொதுப் பகுதியில் இடம் தேடும்போது சரிவின் அடிவாரம், ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மேட்டின் நடுப்பகுதிதான் நல்லது. ஆட்கள் நடக்கும் பாதை ஓரமும் வேண்டாம், இருட்டில் கயிற்றில் தடுக்கி உங்கள் மேலேயே விழுவார்கள். கழிப்பறையிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பாருங்கள்.

சேற்று ஆண்டில் வொர்தி வியூவுக்கு ஒரு நன்மை உண்டு. ஈர மண்ணில் நீங்களே கூடாரம் அடிக்கும் போராட்டம் இல்லை, மாலையில் சேற்றைக் கழுவிக்கொண்டு படுக்கலாம். ஆனால் மேட்டில் ஏறும் பாதை வழுக்கும். அக்காவுக்கு அது ஆகாது. இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் அவரை வொர்தி வியூவில் வைக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தேடினால் 'கிளாஸ்டன்பரி சொகுசுத் தங்கல்' என்று பல தனியார் விளம்பரங்கள் வரும். அவற்றில் பல பண்ணைக்கு வெளியே, விழாவோடு தொடர்பில்லாத நிலங்களில் இருக்கின்றன. 2025 விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் தொழிலையே நிறுத்திவிட்டது, ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் தவித்தார்கள். வொர்தி வியூவும், அதைப் போன்ற இன்னொரு முகாமான ஸ்டிக்லிஞ்சும் விழாவின் சொந்த இணையதளத்தில் விற்பவை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் நுழைவு டிக்கெட் கையில் இருந்தால்தான் வாங்க முடியும். டிக்கெட்டும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். டிக்கெட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், வேறு யாருக்கும் மாற்ற முடியாது.


வேம்படி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழையை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சமதரையில் இரண்டு மணி நேரம் நடக்க முடிகிறது, ஏற்றம்தான் முடியவில்லை, நிற்பதும் முடியவில்லை என்றார். இதுவரை எங்களிடம்கூட அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. அவருடைய மருத்துவரிடம் கடிதம் கேட்டு ஸ்பிரிங் கிரவுண்டுக்கு விண்ணப்பிக்கிறோம். அக்காவோடு என் மனைவி தங்குவார். வரம்பில் இடம் இருந்தால் நானும். குளியலறை அங்கேயே இருக்கிறது என்று தெரிந்ததும் மனைவியின் கவலை தீர்ந்துவிட்டது.

மருமகள் இப்போதே ஆக்ஸ்ஃபாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள். தன்னார்வலராகக் கிடைக்காவிட்டால் தோழிகளோடு பென்னார்ட் ஹில். வொர்தி வியூவுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் அக்காவுக்கு நல்ல மடிப்பு நாற்காலியும் தடித்த படுக்கை மெத்தையும் வாங்கப்போகிறோம்.

விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்றால் என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கேம்பர்வேன் பற்றி யாராவது சொல்ல முடியுமா?


தாழங்குடை எழுதியது:

கேம்பர்வேனுக்கு வண்டிக்கென்று தனி டிக்கெட் வேண்டும், அந்த வயல்களும் வேலிக்கு வெளியேதான். ஆனால் வண்டிக்குள் கட்டிலும் கழிப்பறையும் இருக்கும் என்பதால் அக்காவுக்கு வொர்தி வியூவைவிட அதுவே மேல். வாடகை வண்டி என்றால் விழாவுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது பதிவு. நான்கு பேரும் தனித்தனியாகப் புகைப்படத்தோடு விழா இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். விற்பனைக்குச் சில நாட்கள் முன்பே பதிவை மூடிவிடுவார்கள். பழைய பதிவு இருந்தாலும் அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று சோதியுங்கள். விற்பனை வழக்கமாக நவம்பரில்: வியாழக்கிழமை மாலை கோச் பயணத்தோடு சேர்ந்த டிக்கெட், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொது டிக்கெட். ஒருமுறையில் ஆறு பேர்வரை வாங்கலாம் என்பதால் நான்கு பேருடைய பதிவு எண்ணும் அஞ்சல் குறியீடும் நான்கு பேரிடமும் இருக்கட்டும், யாருக்குப் பக்கம் திறந்தாலும் எல்லோருக்கும் வாங்கிவிடலாம். 2025 விழாவுக்கு அன்று முன்பணமாக ஆளுக்கு 75 பவுண்ட் கட்டினால் போதுமாக இருந்தது, மீதி ஏப்ரலில். ரயிலில் வருவதாக இருந்தால் காஸில் கேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பண்ணைக்கு இலவசப் பேருந்து உண்டு. அக்காவுக்குப் பேருந்தில் ஏற உதவி வேண்டும் என்றால் அதையும் அணுகல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.